34,000 திர்ஹாம் என்றால் கிளம்பிவிடலாமா?

9 மார்ச் 2025 (வாசகர் கேள்வி)

வணக்கம் சார். வயது 31. உள்நாட்டு நிறுவனம் ஒன்றில் துணை விமானி. ஏர்பஸ் 320, மொத்தம் 2,900 மணி நேரம். அமீரகத்திலிருந்து ஒரு வாய்ப்பு வந்திருக்கிறது. மாதம் 34,000 திர்ஹாம், வரி கிடையாது. இங்கே பிடித்தம் எல்லாம் போக என் கைக்கு வருவது 2 லட்சத்து 90 ஆயிரம். திர்ஹாம் இன்று 23 ரூபாய் 70 காசு. கணக்குப் போட்டால் 8 லட்சம் தாண்டுகிறது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நண்பர்கள் சிரிக்கிறார்கள். அப்பா மட்டும் "போய் வந்தவர் யாரையாவது கேட்டுவிட்டு முடிவு செய்" என்கிறார். நீங்கள் வளைகுடாவிலும் சீனாவிலும் ஓட்டியவர் என்பதால் கேட்கிறேன்.

9 மார்ச் 2025, இரவு

அப்பா விவரமானவர். என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

34,000 என்ற மொத்தத்தை வைத்துக்கொண்டு என்னால் ஒன்றும் சொல்ல முடியாது, தம்பி. உடைத்துப் போடுங்கள். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, வீட்டுப்படி எவ்வளவு, பறக்கும் படி மணிக்கு எவ்வளவு. கூடவே, வேலையிலிருந்து நீக்குவது பற்றிய பகுதி எத்தனை பக்கம் என்று எண்ணிச் சொல்லுங்கள். சம்பளத்துக்கு அரைப் பக்கமும் நீக்கத்துக்கு நாலு பக்கமும் இருந்தால் அவர்கள் எதைப் பற்றி அதிகம் யோசித்தார்கள் என்பது விளங்கும்.

11 மார்ச் 2025

உடைத்து அனுப்பிவிட்டார். அடிப்படை 17,000. வீட்டுப்படி 11,000. பறக்கும் படி மணிக்கு 75 திர்ஹாம். மாதம் 80 மணி நேரம் என்று வைத்து 6,000. கூட்டினால் 34,000 சரியாக வருகிறது.

ஆனால் ஆண்டுக்கு 900 மணி நேரத்துக்கு மேல் பறக்க அங்கே விதி விடாது. மாதம் 80 வீதம் 12 மாதத்துக்கு 960. விளம்பரம் எழுதியவருக்குப் பெருக்கல் வராது, அல்லது மிக நன்றாக வரும்.

இன்னொன்று. பறக்கும் படி என்பது சக்கரத்துக்கு அடியில் வைத்த கட்டையை எடுக்கும்போது தொடங்கி, போய்ச் சேர்ந்து மறுபடி கட்டை வைக்கும்போது முடிகிறது. அதற்கு முன் ஒன்றரை மணி நேரம் சீருடையில் உட்கார்ந்து வானிலைத் தாளும் எரிபொருள் கணக்கும் பார்த்ததற்குக் காசு இல்லை. காத்திருப்புப் பணியில் கைப்பேசியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு கிடந்த நாளுக்குக் காசு இல்லை. சிமுலேட்டரில் ஒரு எஞ்சின் எரிந்து, மறு எஞ்சின் நின்று, நாலு மணி நேரம் வியர்த்துக் கொட்டிய நாளுக்கும் இல்லை.

பணிக்கொடை ஆண்டுக்கு 30 நாள் சம்பளம் என்ற கணக்கில் வரும். அது ஒரு ஆறுதல்.

12 மார்ச் 2025

இரண்டு திருத்தங்கள், இரண்டும் என் தவறு.

ஒன்று: விடுப்பு ஒரு மாதத்தைக் கழித்தால் 11 மாதத்துக்கு 880 மணிதான், விதிக்குள் வந்துவிடுகிறது என்று ஒரு வாசகர் பிடித்துவிட்டார். உண்மைதான். விளம்பரம் எழுதியவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் அந்த 880 மணியை 12 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 73 மணி, 5,500 திர்ஹாம். ஆக, எல்லாம் நல்லபடியாக நடந்தால்கூட 34,000 என்பது 33,500. போகட்டும், 500 திர்ஹாமுக்காக யாரும் சாகப் போவதில்லை.

இரண்டு: பணிக்கொடை. 30 நாள் என்பது ஐந்தாண்டுகளுக்குப் பிறகு வரும் கணக்கு. அமீரகச் சட்டப்படி முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள்தான். அதுவும் அடிப்படைச் சம்பளத்தின் மேல் மட்டும். 17,000-க்கு 21 நாள் என்றால் ஆண்டுக்கு 11,900. ஐந்தாண்டு முடித்துத் திரும்பினால் 59,500 திர்ஹாம், இன்றைய விலையில் சுமார் 14 லட்சம். அடிப்படையைக் குறைத்துப் படிகளை ஏற்றி வைப்பது ஏன் என்று இப்போது புரிகிறதா?

15 மார்ச் 2025

வீட்டுப்படி 11,000 தாராளம் என்று ஒரு நண்பர். அங்கே வாடகையை மாதா மாதம் கட்டுவதில்லை. ஆண்டு வாடகையை ஒன்றோ இரண்டோ நாலோ காசோலைகளாக முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். படி மாதா மாதம் வரும். காசோலை முதல் நாளே போகும். நடுவில் உள்ள பள்ளத்தை வங்கிக் கடன் நிரப்பும். போய் இறங்கிய முதல் வாரமே கடன்காரன் ஆவது எப்படி என்பதற்கு வளைகுடா விமானி நல்ல உதாரணம். அப்படித்தான் ஆனேன்.

16 மார்ச் 2025

என் கதையைக் கேட்கிறார்கள். சுருக்கமாக.

2007-இல் இந்தியாவில் நான் கேப்டன். தோளில் நாலு கோடு, கேப்டனுக்கான இடப்பக்க இருக்கை. வளைகுடாவில் ஒரு நிறுவனத்துக்குப் பெரிய விமானம் ஓட்டப் போனேன், துணை விமானியாக. ஒரு கோட்டைக் கழற்றி வீட்டு அலமாரியில் வைத்துவிட்டுப் போனது போல. இந்தத் தொழிலில் நிறுவனம் மாறினால் வரிசையின் கடைசியில் போய் நிற்க வேண்டும். அனுபவம் எத்தனை ஆயிரம் மணி நேரம் என்பது நேர்காணல் வரைக்கும்தான் பேசும். அதன் பிறகு பணிமூப்பு எண் பேசும். விடுப்பு யாருக்கு முதலில், தீபாவளிக்கு வீட்டில் இருப்பது யார், கேப்டன் பயிற்சிக்கு அடுத்த ஆள் யார், எல்லாம் அந்த எண்தான்.

முதல் பயணத்தில் பக்கத்து இருக்கைக் கேப்டன் என்னைவிட ஒன்பது வயது சிறியவர். நல்ல மனிதர். தரையிறங்கியதும் "முன்பே ஓட்டியிருக்கிறீர்களா?" என்று கேட்டார். "கொஞ்சம்" என்றேன். மறுபடி இடப்பக்கம் போக எனக்கு நாலேகால் ஆண்டு ஆயிற்று.

தம்பிக்கு இது பொருந்துமா? பொருந்தும். இங்கேயே இருந்தால் இன்னும் ஓரிரு ஆண்டில் கேப்டன் பயிற்சி வரலாம். 31 வயதில் மூன்று ஆண்டு கழித்துக் கிடைக்கும் இடப்பக்கத்துக்கும் ஏழு ஆண்டு கழித்துக் கிடைப்பதற்கும் வித்தியாசம் எவ்வளவு என்பதைத் திர்ஹாமில் எழுதிப் பாருங்கள்.

23 மார்ச் 2025

மேலே எழுதியதை மனைவி படித்துவிட்டு, "சம்பளத்தைப் பற்றியே பேசுகிறீர்களே, திரைச்சீலையைப் பற்றி எழுதவில்லையே" என்றார். நியாயமான குறை.

நீண்ட தூரப் பயணத்தில் பெரிய வேலை தூங்குவதுதான். ஓட்டுவது இரண்டாவது. அதிகாலை 3 மணிக்கு வேன் வரும். காலை 11 மணிக்கு வேறொரு நாட்டில் ஓட்டல் அறைக்குள் நுழைவீர்கள். வெளியே வெயில் கொளுத்தும். ஐந்து நட்சத்திர ஓட்டல்தான். ஆனால் இரண்டு திரைச்சீலைகளும் சேரும் இடத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு ஓர் இடைவெளி இருக்கும். அந்த இடைவெளி வழியாக ஒரு கோடு வெயில் வந்து சரியாகக் கண் மேல் விழும். அலமாரியில் கால்சட்டை தொங்கவிடும் ஹேங்கர் இருக்கும் அல்லவா, இரண்டு கிளிப் வைத்தது? அதை எடுத்து இரண்டு திரைச்சீலையையும் சேர்த்துக் கடிக்க வைக்க வேண்டும். கதவுக்கு அடியில் ஈரத் துண்டு. குளிர்பதனப் பெட்டியின் உறுமல் தாங்கவில்லை என்றால் பிளக்கைப் பிடுங்கிவிடு. 'தொந்தரவு செய்யாதீர்' அட்டையை மாட்டிய பிறகும் பன்னிரண்டு மணிக்கு ஒருவர் தட்டி, "அறையைச் சுத்தம் செய்யலாமா?" என்பார்.

வேலைநேர விதி எந்த நாட்டிலும் ஓய்வு எத்தனை மணி நேரம் தர வேண்டும் என்று சொல்லும். அந்த ஓய்வில் தூக்கம் வந்ததா என்று கேட்காது. அதிகாலை 2 முதல் 6 வரை உடல் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும் நேரம். அந்த நேரத்தில்தான் வளைகுடாவின் பெரிய நிலையங்களில் ஓடுபாதை நிரம்பி வழிகிறது. ஐரோப்பாவிலிருந்து வருவதும் ஆசியாவுக்குப் போவதும் நள்ளிரவில் அங்கே கை மாறுகின்றன. அந்த வியாபாரமே இரவை நம்பியது. சம்பளத்தில் ஒரு பகுதி அதற்கும்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் இருந்த நிறுவனத்தில் ஒரு வேடிக்கை. நாலு விமானிகள் போகும் நீண்ட பயணத்தில் முறை வைத்துப் பின்னால் படுக்கையில் ஓய்வெடுப்போம். படுத்திருந்த நேரத்தை ஆண்டு வரம்புக் கணக்கிலிருந்து கழித்துவிடுவார்கள். அதாவது, 38,000 அடி உயரத்தில், குலுங்கும் பலகையில், காலுறையோடு படுத்திருந்தவன் அந்த நேரத்தில் வீட்டில் இருந்தானாம். மனைவியிடம் சொன்னேன். "அப்படியா, நான் பார்க்கவில்லையே" என்றார்.

24 மார்ச் 2025

தூக்கத்தைப் பற்றி நேற்று விளையாட்டாக எழுதிவிட்டேன். விளையாட்டு இல்லை என்பதற்கு நம் ஊர்ப் பக்கத்திலேயே ஒன்று நடந்திருக்கிறது.

2010 மே 22, ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் 812, துபாய் - மங்களூர். விடியற்காலை. 166 பேரில் 8 பேர் பிழைத்தார்கள். கேப்டன் செர்பிய நாட்டுக்காரர். வெளிநாட்டு ஒப்பந்தத்தில் நம் நாட்டுக்கு வந்து ஓட்டியவர். நாம் வளைகுடாவில் எப்படியோ அப்படி அவர் இங்கே. விமானி அறை ஒலிப்பதிவு 2 மணி 5 நிமிடம் கிடைத்தது. அதில் முதல் 1 மணி 40 நிமிடம் அவர் உறங்கிய மூச்சுச் சத்தம் என்று விசாரணை அறிக்கை சொல்கிறது. எழுந்தவுடன் மூளை முழுதாக விழிக்காத மந்த நிலையில் இறங்கினார். வந்த உயரம் அதிகம். துணை விமானி, இறங்க வேண்டாம், மேலே போய்விடலாம் என்று மூன்று முறை சொன்னார். 8,000 அடி ஓடுபாதையில் 5,200 அடி தாண்டித் தரை தொட்டது. மலை மேல் வெட்டிய ஓடுபாதை. முடிந்த இடத்துக்கு அப்பால் பள்ளம்.

அவர் வெளிநாட்டுக்காரர் என்பதால் விபத்து என்று நான் சொல்லவில்லை, அறிக்கையும் சொல்லவில்லை. ஆனால் அந்த அறிக்கையைப் படித்தபோது நான் வளைகுடாவில் வலப்பக்க இருக்கையில் இருந்தேன். என் பக்கத்தில் இருப்பவர் எந்த நாட்டிலிருந்து எத்தனை மணிக்கு வந்து இறங்கினார், வீட்டில் விட்டுவிட்டு வந்த பிரச்சினை என்ன, நான் "வேண்டாம்" என்றால் அவர் காதில் எப்படி விழும் என்று அதன் பிறகு ஒவ்வொரு பயணத்திலும் யோசித்தேன். நானே இடப்பக்கம் போன பிறகு, விமானத்தில் ஏறியதும் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லும் முதல் வார்த்தை இதுதான்: "நீங்கள் மேலே போகலாம் என்றால் நான் காரணம் கேட்க மாட்டேன், போய்விடுவேன். காரணத்தைத் தேநீர் குடிக்கும்போது பேசிக்கொள்ளலாம்."

2 ஏப்ரல் 2025

வருமான வரி. "2020-க்குப் பிறகு சட்டம் மாறிவிட்டது. வேறு நாட்டில் வரி கட்டாத இந்தியக் குடிமகனை இங்கேயே வசிப்பவராகக் கருதி எல்லாவற்றுக்கும் வரி போடுவார்கள்" என்று ஒருவர் பயமுறுத்தியிருக்கிறார். பாதி சரி.

இந்தியாவில் வரும் வருமானம் 15 லட்சம் தாண்டினால்தான் அந்த விதி தொடும். தொட்டாலும் 'சாதாரணமாக வசிக்காதவர்' என்ற வகையில் வைக்கும். அந்த வகையில் வெளிநாட்டுச் சம்பளத்துக்கு இங்கே வரி வராது. தம்பிக்கு இங்கே 15 லட்சம் வாடகை வருகிறதா? வந்தால் ஏன் விமானம் ஓட்டுகிறார்?

2 ஏப்ரல் 2025, மாலை

அவசரப்பட்டு எழுதினேன். பயப்பட வேண்டியது வேறு இடத்தில் இருக்கிறது. கிளம்பும் ஆண்டு. ஏப்ரல் 1 முதல் எண்ணி இந்தியாவில் 182 நாள் இருந்துவிட்டால் அந்த நிதியாண்டு முழுக்க நீங்கள் இங்கே வசிப்பவர்தான். அதாவது செப்டம்பர் கடைசிக்குள் கிளம்பவில்லை என்றால், அங்கே போய் மார்ச் வரை வாங்கும் திர்ஹாமும் இங்கே காட்ட வேண்டிய வருமானம்.

இங்கே வேலையை விடக் கேப்டனுக்கு ஓராண்டு, துணை விமானிக்கு 6 மாதம் அறிவிப்புத் தர வேண்டும் என்பது 2017-இல் வந்த விதி. இன்று கடிதம் கொடுத்தால்கூட அக்டோபர். இரண்டு விதியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நல்ல ஆடிட்டர் ஒருவரையும் பாருங்கள், நான் விமானி.

ஒப்பந்தத்தில் அவர்கள் உங்களை அனுப்ப எத்தனை நாள் என்று பார்த்தீர்களா? 90 நாள். நீங்கள் இங்கிருந்து கிளம்ப 6 மாதம், அங்கிருந்து உங்களை அனுப்ப 3 மாதம்.

20 ஏப்ரல் 2025

சீனாவைப் பற்றி எழுதுங்கள் என்று நாலு பேர். சரி.

அப்போது சீன நிறுவனங்கள் ஆண்டுக்கு 3 லட்சம் டாலர் வரை, அதுவும் வரி போகக் கைக்கு, வெளிநாட்டுக் கேப்டன்களுக்குக் கொடுத்தன. விமானங்களை வாங்கிக் குவித்த வேகத்துக்குக் கேப்டன்களை வளர்க்க முடியவில்லை. 2016-இல் நானும் போனேன். நிறுவனத்துக்கும் எனக்கும் நடுவில் ஒரு முகவர். நான் யாருடைய ஊழியன் என்று கேட்டால் இருவரும் அடுத்தவரைக் கை காட்டுவார்கள்.

முதலில் மருத்துவப் பரிசோதனை. உலகத்தில் வேறு எங்கும் அப்படிப் பார்த்ததில்லை. வயிற்றை ஸ்கேன் செய்தார்கள். வலது சிறுநீரகத்தில் 3 மில்லிமீட்டர் கல். எனக்கு வலியும் இல்லை, செய்தியும் இல்லை. கல் போகும் வரை ஓட்டக் கூடாது. ஒரு நாளைக்கு ஐந்து லிட்டர் தண்ணீர், ஓட்டல் மாடிப்படியில் குதித்துக் குதித்து இறங்குவது, வாழைத்தண்டு கிடைக்குமா என்று பெய்ஜிங் சந்தையில் படம் வரைந்து காட்டிக் கேட்டது, எல்லாம் செய்தேன். கடைக்காரர் என் படத்தைப் பார்த்துவிட்டு மூங்கில் கொடுத்தார். மூன்று வாரம், சம்பளம் இல்லாமல்.

வானத்தில் எல்லாம் மீட்டர் கணக்கு. 'ஒன்பதாயிரத்து இருநூறு மீட்டர்' என்று கட்டுப்பாட்டு அறை சொல்லும். நாம் அட்டையைப் பார்த்து 30,100 அடி என்று வைக்க வேண்டும். இது பழகிவிடும். பழகாதது அபராதம். விமானத்தின் பதிவுக் கருவி ஒவ்வொரு பயணத்தையும் கணினிக்குச் சொல்லும். இறங்கும்போது மூக்கு அரை டிகிரி அதிகம் உயர்ந்தால், தரை தொடும் விசை கொஞ்சம் கூடினால், மாதக் கடைசியில் சம்பளச் சீட்டில் ஒரு கழித்தல் வரி. என்னோடு இருந்த உள்ளூர் இளைஞர்கள் அதற்குப் பயந்து ஓட்டினார்கள். காற்று அடிக்கும் நாளில் பக்கத்தில் இருக்கும் விமானி ஓடுபாதையைப் பார்க்காமல் அபராதத்தைப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

20 நாள் வேலை, 10 நாள் வீடு. மகள் பத்தாம் வகுப்பிலிருந்து கல்லூரிக்குப் போனது அந்தப் பத்துப் பத்து நாள்களில்தான்.

2020 பிப்ரவரி முதல் வாரம். நான் விடுப்பில் காரைக்குடியில் இருந்தேன். கைப்பேசியில் நாலு வரிச் செய்தி: வெளிநாட்டு விமானிகள் மறு அறிவிப்பு வரை சம்பளமில்லா விடுப்பில் இருக்கவும். ஒப்பந்தத்தை எடுத்துப் படித்தேன். பேரிடர் காலத்தில் நிறுவனத்துக்கு எந்தக் கடமையும் இல்லை என்று 11-ஆம் பக்கத்தில் ஒரு வரி, என் கையெழுத்துக்கு நேர் மேலே. மறு அறிவிப்பு வரவே இல்லை. அந்த அறையில் என் குக்கர், இரண்டு சீருடை, அம்மா கொடுத்த ஊறுகாய் ஜாடி இருந்தன. இப்போது யார் சாப்பிடுகிறார்களோ.

அன்றுதான் ஒன்று புரிந்தது. அந்தக் கூடுதல் சம்பளம் என் திறமைக்கு வந்தது என்று நாலு ஆண்டு நினைத்துக்கொண்டிருந்தேன். சீனக் கேப்டனும் அதே விமானத்தைத்தான், என்னைவிடக் குறைந்த சம்பளத்துக்கு ஓட்டினார். அவரை அப்படி ஒரு செய்தியில் அனுப்ப முடியாது. என்னை அனுப்ப முடியும். எந்த நாளும் 'போதும்' என்று சொல்லும் உரிமையை என்னிடமிருந்து அவர்கள் மாதா மாதம் வாங்கிக்கொண்டிருந்தார்கள். நல்ல விலைதான் கொடுத்தார்கள். நான்தான் என்ன விற்கிறேன் என்று தெரியாமல் விற்றேன்.

21 ஏப்ரல் 2025

"சீனா மட்டுமா அப்படிச் செய்தது?" என்று கேட்டவருக்கு: இல்லை. அதே 2020-இல் வளைகுடாவில் நூற்றுக்கணக்கான விமானிகள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். ஹாங்காங்கின் கத்தே பசிபிக் 5,900 வேலைகளை நீக்கி, தன் துணை நிறுவனமான கத்தே டிராகனை மூடி, மிச்சம் இருந்த விமானிகளிடம் சம்பளம் குறைந்த புது ஒப்பந்தத்தை நீட்டியது. ஏறக்குறைய எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். போடாமல் என்ன செய்வது? உலகத்தில் அப்போது எங்கும் வேலை இல்லை.

பாகிஸ்தான் நண்பர் ஒருவர் கதை வேறு. அவர் நாட்டு அமைச்சர் நாடாளுமன்றத்தில் எழுந்து 262 விமானிகளின் உரிமங்கள் சந்தேகத்துக்கு உரியவை என்றார். நண்பர் வளைகுடாவில் 14 ஆண்டாக ஓட்டுபவர், பட்டியலிலும் இல்லாதவர். மறுநாளே தரையில் உட்கார வைத்துவிட்டார்கள். ஆறு வாரம் கழித்து எல்லாம் சரி என்று கூப்பிட்டார்கள். எங்கே போனாலும் உரிமம் பிறந்த ஊர் கூடவே வரும்.

22 ஏப்ரல் 2025

இரண்டு நாள் எழுதியது புலம்பல் போல இருக்கிறது என்று மகள் சொல்கிறாள். அவள் படித்ததும், நாங்கள் இருக்கும் இந்த வீடும், அப்பாவின் கடன் அடைந்ததும் எந்தப் பணத்தில் என்று அவளுக்கும் தெரியும். உள்ளூரில் இருந்தவர்கள் பாடு மட்டும் என்ன? கிங்ஃபிஷரில் இருந்தவர்கள் 2012-இல் மாதக்கணக்கில் சம்பளம் பார்க்கவில்லை. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17-இல் நின்றது. கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதம் திவால் மனு போட்டது. என் தோழர் ஒருவர் அந்த மூன்றில் இரண்டில் வேலை பார்த்தவர். மூன்றாவதில் சேர விண்ணப்பம் போட்டபோது "ராசி பார்த்துச் சொல்லுங்கள், அந்த நிறுவனத்தையாவது காப்பாற்றுவோம்" என்று கிண்டல் செய்தோம்.

போகாதே என்று நான் சொல்லவே இல்லை, தம்பி. நானும் மறுபடி 41 வயதாக இருந்தால் போவேன். சீனாவுக்கு வேண்டாம்.

23 ஏப்ரல் 2025

சீனாவுக்கும் போவேன் என்று நினைக்கிறேன். அபராதத்தை மட்டும் முதலிலேயே பேசிவிடுவேன்.

12 ஜூன் 2025

அகமதாபாத் விமான விபத்து. இன்று எதுவும் எழுதப் போவதில்லை.

18 ஜூன் 2025

தம்பி ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டாராம். 6 மாதம் என்றால் டிசம்பர் நடு. வரிக் கணக்குப்படி தப்பான மாதம் என்று எழுதினேனே என்று கேட்டேன். "தெரியும் சார், மார்ச் வரைக்கும் வரி கட்டிவிடுகிறேன். இன்னும் ஓராண்டு தள்ளிப் போட்டால் போக மனசு வராது" என்றார். இது ஆடிட்டருக்குப் புரியாது, எனக்குப் புரிந்தது.

ஒப்பந்தத்தில் ஒன்றை மட்டும் கேட்டு வாங்கச் சொன்னேன்: உடல்நலக் காரணத்தால் உரிமம் பறிபோனால் கிடைக்கும் காப்பீட்டுத் தொகை எவ்வளவு, அது எந்த நாளிலிருந்து அமலுக்கு வரும். பயிற்சிக் காலத்தில் கிடையாது என்று பதில் வந்ததாம். தனியாக ஒன்று எடுத்துக்கொண்டார். சீனாவில் நான் எடுக்கவில்லை. 3 மில்லிமீட்டர் கல் 8 மில்லிமீட்டராக இருந்திருந்தால் என்ற நினைப்பு இன்றும் வரும்.

30 ஆகஸ்ட் 2025

செய்தி: நம் விமானிகளை வெளிநாட்டு நிறுவனங்கள் இழுத்துக்கொள்கின்றன, இதற்கு ஒரு நடத்தை நெறி வேண்டும் என்று சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பிடம் இந்தியா முறையிட்டிருக்கிறது.

படித்ததும் கோபம் வந்தது. என் பயிற்சிக்கு விற்றது அப்பாவின் இரண்டு ஏக்கர். தம்பியின் பயிற்சிக்கு வீட்டுப் பத்திரம் வங்கியில் இருக்கிறது. அரசு செலவழித்து எங்களை வளர்த்தது போலவும், அடுத்த வீட்டுக்காரன் வந்து மாட்டை அவிழ்த்துக்கொண்டு போனது போலவும் பேசினால் எப்படி? மாட்டுக்குத் தீனி வைத்தது மாடேதான்.

மறுபுறம் யோசித்தால், ஒரே மாதத்தில் முப்பது கேப்டன்கள் கிளம்பினால் ஒரு சிறிய நிறுவனத்தின் பாதி விமானங்கள் நின்றுவிடும் என்பதும் பொய்யல்ல. அந்தப் பயணச்சீட்டை வாங்கியவர் நம் சித்தப்பாவாக இருக்கலாம். கோபம் பாதி குறைந்தது. பாதி இருக்கிறது.

6 டிசம்பர் 2025

நேற்று ஒரே நாளில் இண்டிகோ ஆயிரத்துக்கு மேற்பட்ட விமானங்களை ரத்து செய்தது. தொலைக்காட்சியில் பெட்டிகள் மலை போல் கிடக்கின்றன. "விமானிகளுக்கு ஓய்வு கொடுத்ததால் வந்த வினை" என்று ஒருவர் விவாதத்தில் கத்துகிறார்.

வாரம் 36 மணி நேரமாக இருந்த ஓய்வை 48 ஆக்கினார்கள். வாரத்துக்கு 6 வரை இருந்த இரவுத் தரையிறக்கத்தை 2 ஆகக் குறைத்தார்கள். இந்த விதி 2024 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது. முழுதாக அமலுக்கு வந்தது 2025 நவம்பரில். ஏறக்குறைய இரண்டு ஆண்டு. அதற்குள் ஆள் எடுக்கவில்லை என்றால் அது தூங்கப் போனவன் குற்றமா? இப்போது தற்காலிக விலக்கும் கொடுத்தாயிற்று.

மார்ச் மாதம் "யோசித்துப் போ" என்ற நீங்கள் இப்போது என்ன சொல்கிறீர்கள் என்று தம்பி கேட்டு அனுப்பியிருக்கிறார். கூடவே ஒரு சிரிப்புப் பொம்மை. இன்னும் பத்து நாள் இந்த நிறுவனத்து உடுப்பில் ஓட்ட வேண்டும் அவருக்கு. பயணிகளின் வசவுக்கு நடுவில் நடந்து போகிறார். நான் என்ன சொல்வது. காதில் பஞ்சு வைத்துக்கொண்டு போ என்றேன்.

14 டிசம்பர் 2025

நாளை மறுநாள் கிளம்புகிறார். பெட்டியில் என்ன வைப்பது என்று அவர் அம்மா கேட்கச் சொன்னாராம்.

குக்கர் வேண்டாம், அங்கே எல்லா அளவிலும் கிடைக்கும். இட்லி மாவும் கிடைக்கும். பருப்புப் பொடி வைத்துவிடுங்கள், அம்மா கையால் அரைத்தது கிடைக்காது. சான்றிதழ்கள் எல்லாவற்றுக்கும் மூன்று நகல்; பறந்த நேரப் பதிவேட்டைக் கைப்பெட்டியில்தான் வைக்க வேண்டும், தொலைந்தால் நீ பறந்ததே இல்லை. துணி காயப்போடும் கிளிப் நாலு. எல்லா ஓட்டலிலும் ஹேங்கரில் கிளிப் இருக்காது. ஒப்பந்தத்தின் 11-ஆம் பக்கம் உன்னுடையதிலும் இருக்கிறது, எண் மட்டும் 9. அதை ஒரு படம் எடுத்துக் கைப்பேசியில் வைத்துக்கொள்.

அப்பா விமான நிலையம் வரை வருகிறாரா? வந்தால் அவரோடு ஒரு காபி குடித்துவிட்டு உள்ளே போ. நேரம் இருக்கிறது.